14 போர் (bore) குழலும் 5 ட்ராம் மருந்தும்: ஃபோர்சித்தின் வேட்டை ரைபிள், ஒரு நிகழ்வு ஆய்வு

வாய்வழியாக மருந்தும் குண்டும் அடைத்துச் சுடும் ரைபிளுக்கு எவ்வளவு கருமருந்து, எந்தக் குண்டு என்று கேட்டால் பலரும் உடனே கிரெயின் என்ற சிறு எடை அளவில் கணக்கைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை கஜத்தில் சுடப் போகிறோம்? இந்தக் கேள்வியை முதலில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து வரவழைத்த ஒருவரின் கதை இது. அவர் ஜேம்ஸ் ஃபோர்சித். வங்காளப் படைப்பிரிவின் அதிகாரி. மத்திய மாகாணங்களில் காட்டு ஆய்வுப் பணியில் இருந்தவர். 1862-இல் பச்மரியில் தங்கி, சாத்பூரா மலைக்காடுகளை அலைந்து பார்த்தவர். 1863-இல் வேட்டை ரைபிளையும் அதன் குண்டுகளையும் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் சொன்ன முடிவு அன்றைய நாகரிகத்துக்கு நேர் எதிரானது. கூர்முனைத் தோட்டாவின் காலத்தில், உருண்டைக் குண்டுக்குத் திரும்புங்கள் என்றார் அவர்.

பழமைப்பற்றில் சொன்னதல்ல. பின்னால் கணக்கு இருந்தது.

அன்றைய நிலை

1849-இல் பிரெஞ்சு அதிகாரி மினியே உருவாக்கிய தோட்டா, ரைபிள் உலகத்தையே புரட்டிப்போட்டது. அடிப்பகுதி குடைவாக இருக்கும்; மருந்து வெடித்ததும் அந்த ஓரம் விரிந்து, குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய புரிகளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தோட்டாவைக் குழலைவிடச் சற்றுச் சிறியதாக வார்க்கலாம், அடைப்பது எளிது, சுட்டால் சுழன்று போகும். பிரிட்டிஷ் படையின் 1853 மாதிரி என்ஃபீல்ட் இந்த வழியில் வந்தது. 0.577 அங்குலக் குழல், 530 கிரெயின் தோட்டா, இரண்டரை ட்ராம் மருந்து. ஒரு ட்ராம் என்பது 27.3 கிரெயின், ஆக 68 கிரெயின் மருந்து. குழலின் புரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

இந்தியாவில் இருந்த அதிகாரிகளுக்கும் தொலைதூர மோகம் தொற்றியது. சிந்துவில் ஜான் ஜேக்கப் என்ற படைத்தலைவர் தன் பெயரிலேயே ஒரு இரட்டைக் குழல் ரைபிளை உருவாக்கினார். 32 போர் (ஒரு பவுண்டு ஈயத்தில் 32 உருண்டைகள் வரும் குழல் விட்டம்), நான்கு ஆழமான புரிகள், 30 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான தோட்டாவின் உடலில் புரிகளுக்குள் பொருந்த நான்கு வரம்புகள். குறிகாட்டியில் 2,000 கஜம்வரை கோடுகள் இருந்தன. வெடிக்கும் தோட்டாவால் எதிரியின் மருந்து வண்டியைத் தொலைவிலிருந்தே கொளுத்துவது அவர் நோக்கம். பீரங்கிக்காரன் மனம் அப்படித்தான் ஓடும். 1858 டிசம்பரில் அவர் இறந்தார். ஆனால் அந்த வகை ரைபிள்கள் காட்டுக்குள்ளும் போயின.

மான் நிற்பதோ எண்பது கஜத்தில், மூங்கில் புதருக்குப் பின்னால்.

துல்லியத்தின் உச்சம்

துல்லியம் என்றால் அன்று ஒரே பெயர்தான்: மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வர்த். அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் தன் வீட்டு நிலத்திலேயே 500 கஜ நீளத்துக்கு மூடிய சுடுகூடம் கட்டி, வழியில் காகிதத் திரைகள் தொங்கவிட்டு, தோட்டா எப்படிப் பறக்கிறது என்று ஒவ்வொரு துளையாகப் பார்த்தார். அவர் கண்டது: குழல் 0.451 அங்குலம், உட்பக்கம் அறுகோணம், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. தோட்டாவின் எடை என்ஃபீல்டின் அதே 530 கிரெயின், ஆனால் ஒல்லியாக, நீளமாக. மருந்து 70 முதல் 85 கிரெயின்.

1857-இல் இங்கிலாந்தின் ஹைத் சுடுபயிற்சிப் பள்ளியில் இரண்டையும் வைத்துச் சோதித்தார்கள். 500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் ஏறத்தாழ 2.25 அடி, விட்வர்த்துக்கு 0.37 அடி. 800 கஜத்தில் நான்கு அடிக்கும் மேலானதற்கு எதிராக ஓர் அடி. 1,100 கஜத்தில் 8.04-க்கு எதிராக 2.62. 1,400 கஜத்தில் விட்வர்த் 4.62 அடி காட்டியது. என்ஃபீல்டின் குண்டுகள் அளக்கவே முடியாதபடி சிதறின. 1860-இல் விம்பிள்டன் துப்பாக்கிசுடும் போட்டியைத் தொடங்கிவைத்த விக்டோரியா அரசி, தாங்கியில் பொருத்திய விட்வர்த் ரைபிளின் கயிற்றை இழுத்தார். 400 கஜத்தில் குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் பட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் படை அதைப் பொதுப் பயன்பாட்டுக்கு எடுக்கவில்லை. விலை அதிகம், குழல் சிறியது, கரி படிந்தால் அடைப்பது சிரமம். வேட்டைக்காரனுக்கும் இந்த மூன்றும் பொருந்தும். அவனுக்கு நான்காவதாகவும் ஒன்று உண்டு. 500 கஜத்தில் 0.37 அடி விலகல் என்றால் 100 கஜத்தில் ஓர் அங்குலத்துக்கும் கீழே. ஒரு புள்ளிமானின் நெஞ்சுப்பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். எட்டு அங்குல வட்டத்தில் அடிக்க ஓர் அங்குலத் துல்லியம் வாங்கிவிட்டு, அதற்காக வேறு எதை இழக்கிறோம் என்று பார்க்கவேண்டாமா?

மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

வேட்டைக்காரன் விரும்புவது வேகம். வேகமான குண்டு குறைவாக விழும். தூரத்தைத் தவறாகக் கணித்தாலும் மன்னிக்கும். வேகம் வேண்டுமானால் மருந்தைக் கூட்டவேண்டும், அல்லது ஈயத்தைக் குறைக்கவேண்டும். இரண்டின் விகிதம்தான் எல்லாம்.

என்ஃபீல்டில் ஒரு பங்கு மருந்துக்கு ஏறத்தாழ எட்டுப் பங்கு ஈயம். விட்வர்த்தில் ஆறேகாலிலிருந்து ஏழரை. இதை மூன்று, நான்குக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். மினியே வகைத் தோட்டா விடாது. குடைவான அடிப்பகுதியின் மெல்லிய ஓரம், குறைந்த மருந்தில் அழகாக விரிந்து புரியைப் பிடிக்கும். மருந்தைக் கூட்டினால் குழலின் வாயைத் தாண்டும்போது அதே ஓரம் கோணலாகப் பிதுங்கிவிடும். பின்பக்கம் ஒழுங்கில்லாத தோட்டா நேராகப் போகாது. மருந்து கூடக்கூடச் சிதறலும் கூடும். ஆக மினியேக்கு மருந்தின் உச்சவரம்பு தோட்டாவின் வடிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நீளத் தோட்டாவை அடித்தளம் திடமாக வார்த்தால்? அப்போது உதைப்பு. 530 கிரெயின் ஈயத்தின் பின்னால் 140 கிரெயின் மருந்து வைத்தால் தோள் தாங்காது; குழலுக்குள் அழுத்தமும் ஏறும்.

துணி சுற்றிய உருண்டைக் குண்டை எடுத்துக்கொண்டால் அங்கே வேறொரு தடை. பழைய ரைபிள்களில் புரி வேகமாகச் சுற்றும்; முப்பது, முப்பத்தாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. மருந்து குறைவாக இருக்கும்வரை குண்டு புரியைப் பின்பற்றிச் சுழலும். மருந்து கூடினால் ஈயமும் துணியும் அந்தச் சுழற்சியைத் தாங்காமல் புரிகளை வழித்துக்கொண்டு நேராகப் பாயும். சுழற்சி போனது, துல்லியமும் போனது. உருண்டைக் குண்டு துல்லியமற்றது என்ற கெட்டபெயர் பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. பழி குண்டின்மேல் விழுந்தது, காரணம் புரிச்சுற்று.

இங்கேதான் ஃபோர்சித் கைவைத்தார்.

ஃபோர்சித்தின் விடை

உருண்டை தலைகுப்புறக் கவிழாது. அதற்கு முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்றும் இல்லை. வார்ப்பில் உள்ள சிறு குறைகள் ஒரே பக்கம் இழுக்காமல் சமப்படும் அளவுக்கு மெதுவாகச் சுழன்றால் போதும். அதனால் புரியைத் தளர்த்திவிடு என்றார். 14 போர் குழலுக்கு, அதாவது ஒரு பவுண்டு ஈயத்தில் பதினான்கு உருண்டைகள் வரும் விட்டத்துக்கு, 8 அடி 8 அங்குலத்தில் ஒரு சுற்று. குழலின் நீளமோ இரண்டரை அடிக்குள். குண்டு குழலுக்குள் கால் சுற்றுதான் சுற்றுகிறது. புரிகள் அகலமாகவும் ஆழம் குறைந்தும் இருக்கவேண்டும் என்றார். துணி கிழியாது, கரியும் கெட்டியாகச் சேராது.

புரி தளர்ந்ததும் மருந்தின் தடை தளர்ந்தது. இப்போது 5 ட்ராம்வரை போகலாம். ஏறத்தாழ 137 கிரெயின். 14 போர் உருண்டையின் எடை 500 கிரெயின். ஒரு பங்கு மருந்துக்கு மூன்றே முக்கால் பங்குக்கும் குறைவான ஈயம். என்ஃபீல்டைவிட இரு மடங்கு தாராளம்.

இந்த 8 அடி 8 அங்குலம், அதாவது 104 அங்குலம், ஒரு காரணத்துக்காக நினைவில் நிற்கும். 1879-இல் வூல்விச்சில் கணிதப் பேராசிரியராக இருந்த கிரீன்ஹில், தோட்டாவுக்கு எவ்வளவு சுழற்சி வேண்டும் என்று கணக்கிட எளிய சூத்திரம் ஒன்று கொடுத்தார்: விட்டத்தை 150-ஆல் பெருக்கி, தோட்டாவின் நீளம் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ அதனால் வகுக்கவேண்டும். விட்வர்த்தின் தோட்டா விட்டத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். சூத்திரம் ஏறத்தாழ 22.5 அங்குலம் என்கிறது. அவர் வைத்தது 20. உருண்டைக்கு நீளமும் விட்டமும் ஒன்றே. 14 போரின் விட்டம் 0.693 அங்குலம். 150-ஆல் பெருக்கினால் 104. சூத்திரம் நீளத் தோட்டாக்களுக்காகச் செய்யப்பட்டது என்பதால் இதை நிரூபணம் என்று தூக்கிப்பிடிக்கமாட்டேன். ஆனால் காட்டில் சுட்டுப் பார்த்த மனிதர் பேராசிரியருக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அங்கே போய் நின்றிருந்தார்.

அதிக மருந்து, உருண்டைக் குண்டு என்ற சேர்க்கை அவர் கண்டுபிடிப்பு அல்ல. பின்னாளில் இலங்கையில் நுவரெலியாவில் வாழ்ந்த வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1840-லேயே, பத்தொன்பது வயதில், பிரிஸ்டலின் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிப்ஸிடம் 21 பவுண்டு எடையுள்ள ரைபிள் ஒன்றைச் செய்யச் சொன்னார். இடுப்பில் வளையம் வைத்த மூன்று அவுன்ஸ் உருண்டை; 16 ட்ராம் மருந்து. கணக்குப் போட்டால் சரியாக ஒன்றுக்கு மூன்று. 36 அங்குலத்தில் ஒரு சுற்று என்ற வேகமான புரியை அவர் தாக்குப்பிடித்தது அந்த வளையத்தால்தான். வளையம் இரண்டு புரிகளுக்குள் அமர்ந்துகொள்ளும், வழுக்க வழியில்லை. ஆனால் கரி படிந்த குழலில் அந்த வளையத்தைப் பொருத்தி அடைப்பது எவ்வளவு தொல்லை என்பது, அதே வடிவில் வந்த பிரன்ஸ்விக் ரைபிளைச் சுமந்த சிப்பாய்களுக்குத் தெரியும். ஃபோர்சித்தின் வழியில் வளையம் வேண்டாம்; வெறும் உருண்டையும் எண்ணெய்த் துணியும் போதும்.

எண்களை வைத்துப் பார்த்தால்

ஃபோர்சித் சொன்னது முழுக்கச் சரியா? தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 போர் உருண்டை குழலைவிட்டு வினாடிக்கு 1,600 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம், என்ஃபீல்ட் தோட்டா 1,250, விட்வர்த் 1,300. நூறு கஜத்தைக் கடக்கும்போது உருண்டை ஏறத்தாழ 10 அங்குலம் விழுகிறது. விட்வர்த் 11 அங்குலத்துக்குச் சற்று மேல், என்ஃபீல்ட் 13. நூறு கஜத்துக்குக் குறிவைத்தால் நடுவழியில் உருண்டை குறிக்கோட்டுக்கு மேல் இரண்டரை அங்குலம் எழும். அதாவது துப்பாக்கி வாயிலிருந்து நூறு கஜம்வரை, குறிகாட்டியைத் தொடாமல், நேராக நெஞ்சைப் பார்த்துச் சுடலாம். ஃபோர்சித் கேட்டது இதைத்தான்.

ஆனால் காற்று உருண்டையை விடுவதில்லை. நூறு கஜத்துக்குள் அது தன் வேகத்தில் கால் பங்குக்கும் மேல் இழந்துவிடும். 150 கஜத்தில் உருண்டையும் விட்வர்த்தும் ஏறத்தாழச் சமம். அதற்கு அப்பால் நீளத் தோட்டா முந்திவிடும், திரும்பிப் பார்க்காது. ஆக இந்த உருண்டை வேலை செய்வது ஒரு சிறிய சன்னலுக்குள். அந்தச் சன்னலின் எல்லை 120, 130 கஜம் என்று வைக்கலாம். சாத்பூரா காட்டில் அதற்கு மேல் தெரிவதே அரிது என்பதால் அந்தத் தேர்வு சரி. அதே ரைபிளைத் திறந்த பாலைவெளிக்குக் கொண்டுபோனால் அதே தேர்வு தவறு. ஃபோர்சித்தை மேற்கோள் காட்டி உருண்டையே உயர்ந்தது என்று வாதாடுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொரு வித்தியாசத்தைக் குறிகாட்டி காட்டாது. 0.693 அங்குல உருண்டை போடும் துளையின் பரப்பு 0.451 தோட்டாவின் துளையைப்போல் இரு மடங்குக்கும் மேல். மென்மையான ஈயம் என்பதால் இன்னும் விரியும். மானுக்கும் கரடிக்கும் இது சாதகம். காட்டெருமைக்கு வரும்போது அதே பரப்பு எதிரியாகிறது: எடையைக் குறுக்குவெட்டால் வகுத்தால், நீளத் தோட்டா உருண்டையைப்போல் இரண்டரை மடங்கு ஆழமாகத் துளைக்கும் தகுதி கொண்டது. அதனால்தான் பெரிய விலங்கின் பின்னால் போனவர்கள் ஈயத்தில் வெள்ளீயமோ பாதரசமோ கலந்து குண்டைக் கடினமாக்கினார்கள். அல்லது பேக்கரைப்போல் குழலையே பூதாகரமாக்கினார்கள்.

இதே காலத்தில் லண்டனின் துப்பாக்கித் தயாரிப்பாளர் பர்டி 1856-இல் வேறொரு வழி போட்டிருந்தார்: சிறிய குழல், எடை குறைந்த தோட்டா, நிறைய மருந்து. அதற்கு விரைவு ரயிலின் பெயரை வைத்தார். எக்ஸ்பிரஸ் ரைபிள் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. மருந்துக்கும் ஈயத்துக்குமான விகிதத்தைத் திருத்தவேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. ஈயத்தை எந்த வடிவில் குறைப்பது என்பதில் வேறு. பின்பக்கத்திலிருந்து தோட்டா அடைக்கும் ரைபிள்கள் வந்தபோது வென்றது பர்டியின் வழி. 1871-இல் இறந்த ஃபோர்சித் அந்த வெற்றியின் தொடக்கத்தை மட்டுமே பார்த்திருக்க முடியும்.

இன்று ஒரு குழலைக் கையில் எடுத்தால்

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று வேட்டைக்கு இடமில்லை. துப்பாக்கிக்கு 1959 ஆயுதச் சட்டம். ஆனால் அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாய்வழி ரைபிளுக்கென்றே தனி வேட்டைப் பருவம் உண்டு. பென்சில்வேனியாவில் 1974 முதல் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கே ஒரு பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே 0.50 அங்குலக் குழல்தான் பரவலானது. கடையில் மூன்று விதப் புரிகளில் கிடைக்கும்.

66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது உருண்டைக்கான குழல். 28 அங்குலம் என்றால் நீளத் தோட்டாவுக்கும் பிளாஸ்டிக் உறையில் வரும் தோட்டாவுக்கும். 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவில். 1970-இல் வந்த தாம்ப்சன் சென்டர் ஹாக்கனால் பிரபலமானது. நடுவில் இருப்பது இரண்டையும் ஓரளவு சுடும். உருண்டையை மிதமான மருந்தோடு, குட்டையான கூர்முனைத் தோட்டாவையும் அப்படியே. குழலின் எண்ணைப் பார்க்காமல் குண்டு வாங்கிவிட்டு, மருந்தைக் கூட்டிக் குறைத்து நாள் முழுக்கத் தேடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 28 அங்குலப் புரியில் உருண்டையை 90 கிரெயின் மருந்தோடு சுட்டால் எந்த மாயமும் நடக்காது. ஃபோர்சித் விளக்கிய அதே வழுக்கல்தான் நடக்கும்.

குழலுக்கு ஏற்ற குண்டு முடிவானபின் மருந்தைத் தேடுவது பொறுமைக் காரியம். 0.50 குழலில் 0.490 அங்குல உருண்டையும் எண்ணெய்த் துணியும் என்றால் 50 கிரெயினில் தொடங்கி, ஐந்தாக அல்லது பத்தாகக் கூட்டிக்கொண்டு, தயாரிப்பாளர் சொன்ன உச்சவரம்புக்குள் நிற்கவேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் தாங்கியில் வைத்து மூன்றோ ஐந்தோ சுட்டுப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும்: மருந்தை மாற்றும்போது துணியை மாற்றக்கூடாது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக்கழிவாகும், புகையோடு போனது போக மீதி குழலில் படியும் என்பதால், ஒவ்வொரு சுடுக்குப் பிறகும் ஈரத்துணியால் ஒரே மாதிரி துடைக்கவேண்டும். இல்லையென்றால் அளப்பது மருந்தையா கரியையா என்று தெரியாது. கருமருந்துக்கு மாற்றாக விற்கும் பொடிகளைக் கொள்ளளவால் அளக்கவேண்டும், எடையால் அல்ல. புகையில்லா மருந்தை இந்தக் குழல்களில் போடவே கூடாது, குழல் வெடிக்கும். குண்டு மருந்தின்மேல் நன்றாக அமர்ந்திருக்கவேண்டும், நடுவில் இடைவெளி இருந்தாலும் குழல் சேதமாகும். அடைக்கும் கம்பியில் ஒரு கோடு கீறிவைத்தால் அது சரியாக அமர்ந்ததா என்று ஒவ்வொரு முறையும் தெரியும்.

சுட்டபின் இலக்கைப் பார்ப்பதற்கு முன் தரையில் கிடக்கும் துணியைத் தேடி எடுங்கள். நடுவில் கருகி, ஓரம் முழுதாக இருந்தால் சேர்க்கை சரி. புரிகளின் கோடுகளில் வெட்டுப்பட்டிருந்தால் குண்டு பெரியது, அல்லது குழல் வாயின் விளிம்பு கூராக இருக்கிறது. ஓட்டையாக எரிந்திருந்தால் துணி மெல்லியது, அல்லது மருந்து அதிகம்; வெப்பவாயு குண்டைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்தத் துணியோடு மருந்தை மேலும் கூட்டுவதில் பயனில்லை. தடித்த துணிக்கு மாறிவிட்டு மறுபடி 50 கிரெயினிலிருந்து தொடங்கவேண்டும்.